சத்தம் தொலைத்த சிரிப்பு

டென்மார்க்கின் வடகோடியில் ஹிர்த்ஸ்ஹால்ஸ் என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. அங்கே கப்பல் ஏறினால் சில மணி நேரத்தில் நார்வேயின் கிரிஸ்தியான்சான் வந்துவிடும். இந்தக் கரையில் ஒரு டேனிஷ் அம்மா, பாட்டிக்குக் கைபேசியில் 'பார்னெட் க்ரீனெர்' என்று இரண்டே சொல்லில் செய்தி அனுப்புகிறாள் என்று வையுங்கள். குழந்தை சிரிக்கிறது என்று அர்த்தம். பாட்டிக்கு மனசு குளிரும். அந்தக் கரையில் ஒரு நார்வே அம்மா அதே இரண்டு சொல்லை, ஓர் எழுத்துகூட மாறாமல், தன் அம்மாவுக்கு அனுப்புகிறாள். குழந்தை அழுகிறது என்று அர்த்தம். அந்தப் பாட்டி உடனே போன் போடுவாள்.

டேனிஷும் நார்வேஜியனும் தூரத்து உறவு இல்லை. ஒருவர் செய்தித்தாளை மற்றவர் அகராதி இல்லாமலே படித்துவிடலாம். அப்படி ஒட்டிப்பிறந்த இரண்டு மொழிகளில், மனிதர்களின் முதல் இரண்டு சத்தங்களான சிரிப்பும் அழுகையும் எப்படி இடம் மாறிக்கொண்டன? இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அதைவிட வேறொரு கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. சிரிப்பதற்கு டேனிஷில் ஏற்கெனவே ஒரு நல்ல பழைய சொல் இருந்தது. அதை வைத்துக்கொண்டே 'க்ரீன' என்ற இந்தச் சொல் ஏன் தேவைப்பட்டது?

அந்தப் பழைய சொல் டேனிஷுக்கு மட்டும் சொந்தம் இல்லை. ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, யித்திஷ், ஆப்பிரிக்கான்ஸ், ஃப்ரீசியன், ஐஸ்லாண்டிக், ஸ்வீடிஷ் எல்லாம் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை. அந்தக் குடும்பத்தைத்தான் ஜெர்மானிய மொழிகள் என்கிறோம். ஜெர்மன் அதில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான். சிரிப்பைக் குறிக்கும் ஒரே வினைச்சொல்லை இந்தப் பிள்ளைகள் எல்லாம் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அது ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு மாதிரி வளர்ந்தது.

மேலே போவதற்கு முன் ஒலிபற்றி ஒரு வார்த்தை. இந்தக் கதையில் அடிக்கடி வரப்போகும் ஒரு சத்தம், தொண்டையின் மேற்பக்கத்தில் காற்று உரசி வருவது. நம் எஃகு, அஃது என்ற சொற்களில் உள்ள ஆய்தத்தை விழுங்காமல் உரசி ஒலித்தால் கிட்டத்தட்ட அந்தச் சத்தம் வரும். அதனால் அதை 'ஃக' என்றே எழுதுகிறேன்.

சொல்லின் வேருக்கு வருவோம். ஜெர்மானிய மொழிகளின் பொதுத்தாய் பேசப்பட்ட காலம், தோராயமாகக் கிறிஸ்துவுக்கு 500 ஆண்டுகள் முன்பு. தெற்கு ஸ்காண்டினேவியாவும் அதை ஒட்டிய வட ஜெர்மனியும்தான் அதன் இடம். அப்போது இந்தச் சொல் ஏறத்தாழ 'ஹ்லஹ்யன்' என்று இருந்தது என்று மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். அதற்கும் முந்தைய இந்தோ-ஐரோப்பிய நிலையில், அதாவது இலத்தீன், கிரேக்கம், சம்ஸ்கிருதம் ஆகியவற்றுக்கும் பொதுவான தாய்மொழியில், அது 'க்லக்' போன்ற ஒன்று. இலத்தீன் முதலிய மொழிகளில் 'க' இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' வரும். இலத்தீனின் கோர்னு ஆங்கிலத்தில் ஹார்ன், கேந்தும் என்ற நூறு ஹண்ட்ரட். யாக்கோப் கிரிம் 1822இல் விளக்கமாக எழுதிய விதி இது. தம்பியோடு சேர்ந்து நாட்டார் கதைகளைத் தொகுத்தாரே, அதே கிரிம்தான்.

'க்லக்' என்பதை இரண்டு மூன்று தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். கோழி கொக்கரிப்பது மாதிரி இருக்கும். கிரேக்கத்தில் கோழி கத்துவதைக் குறிக்கும் க்ளோசெய்ன் என்ற வினையை இந்த வேரோடு சேர்த்துத்தான் அறிஞர்கள் வைக்கிறார்கள். தமிழில் கோழியும் கொக்கரிக்கும், ஏளனமாகச் சிரிப்பவனும் கொக்கரிப்பான் என்பதால் நமக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஆக, இந்தச் சொல் பிறந்தபோதே ஒரு சத்தம். பொருளைச் சொல்வதற்கு முன்னால் ஒலியே சிரித்துக் காட்டிய சொல் அது. அந்தச் சத்தம் எங்கெல்லாம் தங்கியது, எங்கெல்லாம் தேய்ந்து போனது என்று பார்த்தால் மற்ற மாற்றங்கள் பலவும் விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

இந்தச் சொல்லை நாம் முதன்முதலில் எழுத்தில் விரிவாகச் சந்திப்பது, இன்று அழிந்துவிட்ட ஜெர்மானிய மொழியான கோத்திக்கில். 4ஆம் நூற்றாண்டில் பேராயர் உல்ஃபிலா பைபிளை அந்த மொழியில் பெயர்த்தார். அதில் இன்று எஞ்சியிருப்பதன் பெரும்பகுதி ஒரு கையெழுத்துப் படியில் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஊதா நிறம் ஏற்றிய தோலில் வெள்ளி மையாலும் பொன் மையாலும் எழுதிய அந்தப் படி இன்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு காட்சி. யவீருவின் மகள் இறந்துவிட்டாள், வீடே அழுகிறது. இயேசு வந்து, "பிள்ளை மரிக்கவில்லை, நித்திரையாயிருக்கிறாள்" என்கிறார். அழுதுகொண்டிருந்தவர்கள் அவரைப் பார்த்து நகைக்கிறார்கள். கோத்திக்கில் அது 'யாஹ் பிஹ்லோஹுன் இன'. ஜெர்மானிய மொழிகளில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சிரிப்புகளில் ஒன்று, சாவு வீட்டில் எழுந்த ஏளனச் சிரிப்பு. அந்த 'பி' என்ற முன்னொட்டுதான் சிரிப்பை இன்னொருவர் மேல் வீசும் சிரிப்பாக்குகிறது. 1637இல் வந்த டச்சு பைபிளும் இதே இடத்தில் அதே முன்னொட்டையும் அதே வினையையும் வைத்திருக்கிறது. நடுவில் 1,200 ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது.

இப்போது அந்த 'ஹ்லஹ்யன்' என்பதன் நடுவில் உள்ள 'ய' என்ற எழுத்தைக் கவனிக்க வேண்டும். அதற்குள் ஒரு பெரிய பிரிவினை ஒளிந்திருக்கிறது.

மேற்கு ஜெர்மானிய மொழிகளில், அதாவது ஆங்கிலம், ஜெர்மன், டச்சு ஆகியவற்றின் முன்னோரிடம், ஒரு பழக்கம் வந்தது. குறில் உயிருக்குப் பின்னால் ஒரு மெய், அதன்பின் 'ய' வந்தால் அந்த மெய் இரட்டிக்கும். அப்படியே 'ஹ்லஹ்யன்' என்பதன் 'ஹ்' இரட்டித்து உரம் பெற்றது. வடக்கு ஜெர்மானிய மொழிகளில், அதாவது ஸ்காண்டினேவியப் பக்கத்தில், 'க்' போன்ற ஓரிரு மெய்கள் மட்டுமே அப்படி இரட்டித்தன. 'ஹ்' அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே அது ஒற்றையாகவே நின்றது.

ஒற்றை 'ஹ்' இரண்டு உயிர்களுக்கு நடுவில் நிற்பது ஆற்று மணலில் கால் ஊன்றி நிற்பது மாதிரி. அரித்துக்கொண்டு போய்விடும். ஜெர்மனில் பார்ப்பதைக் குறிக்கும் சேஹென் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 'ஹ' எழுதுகிறார்கள், யாரும் ஒலிப்பதில்லை. அதன் ஆங்கிலச் சகோதரியான 'சீ'யில் எழுத்துகூட மிஞ்சவில்லை. சிரிப்புக்கும் அந்தக் கதிதான் நேர்ந்திருக்க வேண்டும். இரட்டித்ததால் மேற்கில் அது பிழைத்தது. இரட்டை 'ஹ்' தேயாமல், தொண்டையை உரசும் 'ஃக' ஆகி உறுதிப்பட்டது. ஜெர்மனில் லாஃகென், டச்சில் லாஃகென், யித்திஷில் லாஃகன், ஆப்பிரிக்கான்ஸில் லாஃக். நான்கும் வாயைத் திறந்து 'லா' என்று தொடங்கித் தொண்டையில் போய் உரசி முடிகின்றன. இன்றைக்கும் இவை சிரிப்பு மாதிரியே ஒலிக்கும் சொற்கள். மனிதர் திட்டம் போடுகிறார், கடவுள் சிரிக்கிறார் என்று யித்திஷில் ஒரு பழமொழி உண்டு: 'அ மென்ச் த்ராஃக்ட் உன் காட் லாஃக்ட்'. த்ராஃக்ட், லாஃக்ட் என்ற எதுகையில் இரண்டு முறை தொண்டை உரசும்போது, மேலே இருந்து யாரோ உண்மையிலேயே சிரிப்பது கேட்கும். நாம் ஒன்று நினைக்க தெய்வம் ஒன்று நினைக்கும் என்போம். அவர்களுடைய தெய்வம் நினைப்பதோடு நிற்பதில்லை.

இந்த வீடுகளில் சிரிப்பின் முதன்மைச் சொல்லை யாரும் அசைக்கவில்லை. அதையே அடித்தளமாக வைத்து மற்றதையெல்லாம் கட்டிக்கொண்டார்கள். ஜெர்மன்காரர்கள் 'லாஃகென்' என்பதைச் சிறிதாக்கிப் புன்னகைக்கு 'லெஷெல்ன்' என்று செய்தார்கள். டச்சுக்காரர்கள் மினுங்குவதைக் குறிக்கும் 'க்ளிம்' என்பதை முன்னால் சேர்த்து 'க்ளிம்லாஃக்' என்றார்கள். மினுங்கும் சிரிப்பு! நாம் 'புன்' என்ற அடைமொழி சேர்த்துப் புன்னகை செய்த அதே முறை.

டச்சைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜெர்மானிய மொழிகளில் பழைய வினைகள் இறந்தகாலத்துக்கு உள்ளே இருக்கும் உயிரை மாற்றும்: ஆங்கிலத்தின் டேக் – டுக், ஷேக் – ஷுக் மாதிரி. புதிய வினைகள் வால் ஒட்டிக்கொள்ளும்: லவ் – லவ்ட் மாதிரி. சிரிப்பு பழைய வினை, அதனால் உயிர் மாறியது. கோத்திக்கில் ஹ்லோஹ், பழைய ஆங்கிலத்தில் ஹ்லோஃக். தமிழிலும் நகு என்ற பழைய வினை புகு – புக்கான் மாதிரி நகு – நக்கான் என்று மெய் இரட்டித்து இறந்தகாலம் காட்டியது. பிறகு நகைத்தான் என்ற வால் வடிவம் வந்து அதை ஓரங்கட்டியது. ஜெர்மனில் இந்த மாற்றம் வெகு சீக்கிரமே முடிந்து, லாஃக்டெ, கெலாஃக்ட் என்று இரண்டிலும் வால் ஒட்டிக்கொண்டது. டச்சில் பாதி வழியில் நின்றுவிட்டது. 'சிரித்தான்' என்பதில் வால் உண்டு, லாஃக்தெ. 'சிரித்திருக்கிறான்' என்பதில் மட்டும் பழைய வடிவமான கெலாஃகென் அப்படியே இருக்கிறது. இதில் அழகான ஓர் இடம் உண்டு. பின்னால் பிறந்த புன்னகைச் சொல்லுக்கு அந்தப் பழமை கிடையாது. அது கெக்ளிம்லாஃக்ட் என்று வாலோடுதான் வரும். தாத்தா வீட்டுச் சொத்து மூத்த பிள்ளைக்கு மட்டும் போன மாதிரி.

ஆங்கிலத்துக்கு வருவோம். எல், ஏ, யு, ஜி, எச் என்று எழுத்துக்கூட்டி, அதை 'லாஃப்' என்று படிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னபோது நாம் எல்லோருமே ஒரு நிமிடம் விழித்திருப்போம். ஜி-எச் எங்கிருந்து ஃப ஆகிறது? அந்த ஜி-எச்தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் 'ஃக'. 991இல் எசெக்ஸ் கடற்கரையில் மால்டன் என்ற இடத்தில் வைக்கிங்குகளோடு ஒரு சண்டை நடந்தது. அதைப் பாடும் பழைய ஆங்கிலக் கவிதையில், தலைவன் பிர்ட்னோத் ஒரு எதிரியை வீழ்த்திவிட்டுச் சிரிக்கிறான். அன்றைய நாளின் வேலையைத் தந்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறான். அங்கே வரும் சொல் 'ஹ்லோஃக்'. முன்னாலும் மூச்சு, பின்னாலும் உரசல். கொஞ்ச நேரத்தில் அவன் செத்துவிடுவான் என்பதால் அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போவதில்லை.

அதற்குப் பிறகு ஓரிரு நூற்றாண்டுகளில் முன்னால் இருந்த 'ஹ்' போயிற்று. சிரிப்பில் மட்டும் இல்லை. லவுட், லார்ட், லீப், லிட் எல்லாவற்றின் தலையிலும் முன்பு ஒரு 'ஹ்' இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய காண்டர்பரி கதைகளில் உயிர் மாறும் பழைய வடிவம் இன்னும் இருக்கிறது. மில்லரின் கதை முடிந்து எல்லோரும் சிரித்ததைச் சொல்லும் நான்கே வரிகளில் 'லாஃகென்' என்ற பழைய எச்சமும் 'லூஃகெ' என்ற பழைய இறந்தகாலமும் சேர்ந்தே வருகின்றன. பிறகு வால் வடிவம் மெல்ல மெல்ல அதை விழுங்கிவிட்டது. ஸ்காட்லாந்தின் ஸ்காட்ஸ் மொழியில் மட்டும் பழையது நிலைத்தது. அங்கே சிரிப்பது 'லாஃக்', சிரித்தது 'லியூஃக்'. சாசர் இன்று உயிரோடு வந்தால், இந்த ஒரு சொல்லைப் பொறுத்தவரை லண்டனைவிட ஸ்காட்லாந்தின் கிராமத்துப் பேச்சுதான் அவருக்குப் பழக்கமாகத் தெரியும்.

'ஃக' எப்படி 'ஃப' ஆனது? தொண்டையில் உரசும் ஒலிக்கு முன்னால் 'அவ்' என்று உதடு குவியும் உயிர் வந்தது. உதடு குவிந்தபடியே தொண்டையை உரசினால் கேட்பவர் காதில் அது உதட்டு உரசலாகவே விழும். பிள்ளைகள் கேட்டபடி சொல்லத் தொடங்கினார்கள், ஃப நிலைத்துவிட்டது. இனஃப், ரஃப், டஃப், காஃப் எல்லாம் அப்படி மாறியவை. ஆனால் எல்லா ஊரிலும் எல்லாச் சொல்லிலும் இது ஒரே மாதிரி நடக்கவில்லை. மகளைக் குறிக்கும் டாட்டரிலும் இரவைக் குறிக்கும் நைட்டிலும் அந்த ஒலி சத்தமே இல்லாமல் மறைந்தது. 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய பிறகு எழுத்து உறைய ஆரம்பித்தது. ஒலியோ ஓடிக்கொண்டே இருந்தது. அதனால்தான் சிரிப்பைக் குறிக்கும் 'லாஃப்டர்' என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் எஸ் சேர்த்தால் 'ஸ்லாட்டர்' ஆகி, ஃப காணாமல் போய், படுகொலை ஆகிவிடுகிறது.

டச்சில் இதே பாதையில் எதிர்ப்பக்கமாக வண்டி ஓடியது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஜெர்மனில் காற்று 'லுஃப்ட்', டச்சில் 'லுஃக்ட்'. ஜெர்மனில் வலிமை 'க்ராஃப்ட்', டச்சில் 'க்ராஃக்ட்'. ஆங்கிலேயர் ஃக-வை ஃப ஆக்கினார்கள், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த டச்சுக்காரர்கள் ஃப-வை ஃக ஆக்கினார்கள். இரண்டு ஒலியும் காதுக்கு அவ்வளவு நெருக்கம்.

தொண்டை உரசல் போனாலும் உதட்டு உரசல் மிஞ்சியதால் ஆங்கிலச் சிரிப்புக்கு இன்னும் கொஞ்சம் காற்று இருக்கிறது. முதன்மைச் சொல்லாக அது அசையாமல் நிற்கிறது.

இப்போது வடக்கே போவோம். அங்கே ஒற்றை 'ஹ்' கரைந்துவிட்டது. முன்னால் இருந்த உயிரும் 'ய'வின் இழுப்பில் மாறிப்போனது. ஸ்காண்டினேவிய மொழிகளின் முன்னோரான பழைய நோர்ஸ் மொழியில் சிரிப்பது 'ஹ்லேயா', சிரித்தாள் என்பது 'ஹ்லோ'.

இந்த 'ஹ்லோ' வரும் ஒரு கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்துர்லுசன் எழுதி வைத்தது. ஸ்காதி ஓர் அரக்கர் குலத்துப் பெண். அவள் அப்பாவைத் தேவர்கள் கொன்றுவிட்டார்கள். அவள் கவசம் அணிந்து, ஆயுதம் எடுத்துக்கொண்டு நியாயம் கேட்டு வருகிறாள். தேவர்கள் சமாதானம் பேசுகிறார்கள். அவள் வைக்கும் நிபந்தனைகளில் ஒன்று, தன்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்பது. அது யாராலும் ஆகாது என்று நினைத்துத்தான் கேட்கிறாள். தேவர்களோடு இருக்கும் குறும்புக்காரன் லோகி முன்வருகிறான். ஒரு கயிற்றின் ஒரு முனையை ஆட்டின் தாடியில் கட்டுகிறான், மறு முனையைத் தன் உடம்பில் வெளியே சொல்லக்கூடாத இடத்தில் கட்டிக்கொள்கிறான். ஆடு இழுக்க, இவன் இழுக்க, இரண்டும் மாறி மாறி அலறுகின்றன. கடைசியில் லோகி அப்படியே அவள் மடியில் போய் விழுகிறான். 'ஓக் தா ஹ்லோ ஹோன்' என்று எழுதுகிறார் ஸ்னோரி. அப்போது அவள் சிரித்தாள்.

அப்பாவை இழந்தவள் சிரித்த அந்த நான்கு சொற்களை இன்றைய ஐஸ்லாந்துப் பள்ளிப் பிள்ளை அப்படியே புரிந்துகொள்ளும். 800 ஆண்டுகளில் எழுத்து ஒன்றிரண்டு இடத்தில் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். குடும்பத்திலேயே ஐஸ்லாண்டிக் மட்டும்தான் தலையில் இருந்த 'ஹ்'-ஐ இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறது. நாக்கை 'ல்' இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் ஊதினால் அந்த ஒலி வரும். உரசல் நடுவில் போனாலும் தொடக்கத்தில் ஒரு மூச்சு இருக்கிறது. சொல்லும் சிரிப்பாகவே இருக்கிறது.

ஸ்காண்டினேவியாவின் பெருநிலத்தில் இரண்டும் போயின. நடு 'ஹ்' முன்பே இல்லை, தலை 'ஹ்' பிறகு உதிர்ந்தது, கடைசி அசையும் சுருங்கியது. 'ஹ்லஹ்யன்' என்று தொண்டையே குலுங்கிய சொல் டேனிஷ், நார்வேஜியன், ஸ்வீடிஷ் மூன்றிலும் 'லே' என்ற ஓரெழுத்து ஒருமொழியாக நின்றது. சொல்லிப் பாருங்கள், லே. உதடு சற்றே விரியும். சத்தமே இல்லை.

ஸ்வீடிஷில் அந்தச் சொல்லின் பொருள் என்ன ஆனது தெரியுமா? புன்னகை. 'ஹூன் லூக்' என்றால் அவள் புன்னகைத்தாள். அந்த 'லூக்' என்பதன் கடைசி 'க்' ஒரு பழைய சாட்சி. ஒருமையில் ஹ்லோ, பன்மையில் ஹ்லோகு என்று ஹ-வும் க-வும் மாறி வந்த காலத்து மிச்சம் அது. அந்த மாற்றத்துக்குக் காரணம் பழைய அசை அழுத்தம் என்று 1870களில் கண்டு சொன்னவர் டேனிஷ் அறிஞர் கார்ல் வெர்னர். ஆங்கிலத்தில் வாஸ் – வேர் மாறுவதும் இதே விதியால்தான். ஆக, வடிவத்தில் 'லே' பழைய வினையேதான், பொருள்தான் அடங்கிவிட்டது. சத்தமாகச் சிரித்த காலத்தின் நினைவு சில கிளைச் சொற்களில் மட்டும் தங்கியிருக்கிறது. நகைப்புக்கிடமான என்பதற்கு 'லோய்லிக்', ஏளனமாய்ச் சிரிப்பதற்கு 'ஹோன்லே'. புன்னகைச் சொல்லின் வீட்டில் இப்படிப்பட்ட கடுமையான உறவினர்கள் இருப்பது அதன் இளமைக் காலத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

சத்தமான சிரிப்புக்கு ஸ்வீடன்காரர்கள் 'ஸ்க்ராத்தா' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அது கரகரக்கும் ஒலியைக் குறிக்கும் சொல். டேனிஷில் இன்றும் ஒலிபெருக்கி கரகரத்தால் அது 'ஸ்க்ராத்தெர்' செய்கிறது என்பார்கள். பேச்சு வழக்கில் ஸ்வீடிஷ் இன்னும் ஒன்றைச் சேர்த்திருக்கிறது, 'கார்வா' என்று. அதுவும் வாயை நிறைக்கும் சொல்தான். பழைய சொல்லின் சத்தம் போனதும் காலியான இடத்தில் சத்தமுள்ள சொற்கள் வந்து உட்கார்ந்தன என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நம்மிடமும் நகு என்பது நகை, புன்னகை, நகைச்சுவை என்ற கிளைகளில் மட்டும் வாழ்கிறது. தெருவில் யாரும் நகுவதில்லை, சிரிக்கிறார்கள்.

டேனிஷில் 'லே' சிரிப்பாகவே இருந்தாலும் ஏட்டுச் சொல் ஆகிவிட்டது. வீட்டிலும் தெருவிலும் 'க்ரீன'. முதலில் பார்த்த அந்தக் குழந்தையிடம் இப்போது வந்து சேர்ந்துவிட்டோம். க்ரீன என்பதன் பழைய பொருள் முகத்தைக் கோணி, வாயை இழுத்து, பல்லைக் காட்டுவது. சிரிப்பா அழுகையா என்று அது சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே முகம்தானே. குழந்தையை வளர்த்தவர்களுக்கு இது தெரியும். வாய் கோணும், முகம் சுருங்கும். சத்தம் வரும்வரை சிரிக்கப் போகிறதா, வீறிடப் போகிறதா என்று சொல்ல முடியாது. டேனிஷ் அந்த முகத்திலிருந்து சிரிப்பை எடுத்துக்கொண்டது, நார்வேஜியன் அழுகையை எடுத்துக்கொண்டது. ஸ்வீடிஷில் 'க்ரீனா' பெரும்பாலும் சிணுங்கி அழுவது, ஆனால் தெற்கிலும் மேற்கிலும் சில வட்டாரங்களில் சிரிப்பது. ஜெர்மனில் 'க்ரைனென்' அழுகை. ஆங்கிலத்தின் க்ரின் இன்று இளிப்பு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அது வலியிலோ கோபத்திலோ பல்லைக் கடித்துக் காட்டுவது. பரோ தீவுகளின் மொழியிலும் இதே கதை இன்னொரு சொல்லில் நடந்திருக்கிறது. அங்கே சிரிப்பது 'ஃப்ளென்னா'. அதனோடு உறவுடையதாகக் கருதப்படும் ஜெர்மன் சொல் 'ஃப்ளென்னென்', அதற்கு ஒப்பாரி வைத்து அழுவது என்று பொருள். அதன் பழைய பொருளும் வாயைக் கோணுவதுதான்.

என் கருத்துக்கு ஒத்துவராத மொழி ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நார்வேஜியனில் 'லே' சத்தம் இழந்தும் சிரிப்பாகவே, தினசரிச் சொல்லாகவே நீடிக்கிறது. ஆக, ஒலி தேய்ந்தால் சொல் பதவி இழந்தே தீரும் என்று விதி எதுவும் போட முடியாது. ஆனாலும் வாய்விட்டுச் சிரிப்பதைச் சொல்ல வேண்டும் என்றால் நார்வேக்காரர்கள் 'ஸ்கொகெர்லே' என்கிறார்கள். மெலிந்துபோன லே-க்கு முன்னால் ஒரு சத்தத்தைக் கட்டி அனுப்புகிறார்கள். நாம் கலகலவென்று, கொல்லென்று என்று முன்னால் வைப்பது மாதிரி.

நார்வேஜியனிலும் டேனிஷிலும் புன்னகைக்கு இருப்பது ஆங்கிலத்தின் ஸ்மைல் என்பதன் உறவான சொல். இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் மிகப் பழைய சிரிப்பு வேர்களில் ஒன்று அது. சம்ஸ்கிருதத்தில் அதுவே ஸ்மிதம். நம் பழைய எழுத்தாளர்கள் கதாநாயகியின் உதட்டில் வைத்த மந்தஸ்மிதமும் ஆங்கிலேயரின் ஸ்மைலும் ஒரு வேர்ச் சொற்கள். ரஷ்ய மொழியில் அந்த வேர் 'ஸ்மெஃக்' என்று வாய்விட்டுச் சிரிக்கும் சிரிப்பாக இருக்கிறது.

கடைசியாகச் சிரிப்பவனே நன்றாகச் சிரிக்கிறான் என்ற பழமொழி இந்த வீடுகள் எல்லாவற்றிலும் உண்டு. பழமொழி ஒரு பெட்டி மாதிரி. வெளியே புழக்கம் மாறினாலும் உள்ளே வைத்த சொல் கெடாமல் இருக்கும். ஜெர்மனில் 'வேர் சுலெட்ஸ்ட் லாஃக்ட், லாஃக்ட் அம் பெஸ்டென்'. ஐஸ்லாண்டிக்கில் 'சா ஹ்லைர் பெஸ்ட் செம் சீதஸ்ட் ஹ்லைர்'. நாள் முழுக்க 'க்ரீன' என்று பேசும் டேனிஷ்காரர்கூட இந்த இடம் வந்ததும் பழையதற்குத் திரும்புகிறார்: 'டென் டேர் லேர் சிஸ்ட், லேர் பெஸ்ட்'. ஸ்வீடிஷில் பெட்டியைத் திறந்தே மாற்றிவிட்டார்கள்: 'டென் சோம் ஸ்க்ராத்தார் சிஸ்ட், ஸ்க்ராத்தார் பெஸ்ட்'. அங்கே 'லே' என்று விட்டிருந்தால், கடைசியில் வென்றவன் மெல்லப் புன்னகைத்துவிட்டுப் போனான் என்றுதான் கேட்டிருக்கும்.